பழவேற்காட்டில் ஒரு பகல்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், திருவள்ளூர் மாவட்டக் கடற்கரையில் அமைந்துள்ளது பழவேற்காடு. பொன்னேரியிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல நெல்வயல்கள் குறைகின்றன, பனைகள் பெருகுகின்றன, காற்றில் உப்பு மணம் ஏறுகிறது. பின்னர் நிலம் முடிந்து நீர் தொடங்குகிறது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் உள்ளன.

வெயில் ஏறுமுன் ஏரியைக் காண்பது தனி இன்பம். ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு வானத்தை ஏந்திக் கிடக்கும். பனிக்காலத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து சேரும். அவை அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்திச் சிற்றுயிர்களையும் பாசிகளையும் வடித்து உண்ணும். அவற்றின் இறகில் படரும் இளஞ்சிவப்பு, அவ்வுணவு தந்த நிறமே.

அதே நீரில் மனிதரும் உணவு தேடுகின்றனர். இருளர் மக்கள் பனையோலைப் பறியைப் பற்களால் கவ்விக்கொண்டு, கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பர். சற்றுத் தொலைவில் மீனவர் கழிகளை ஊன்றி வலை கட்டுவர். எல்லா இடத்திலும் மீன்வளம் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆதலால், எவ்விடத்தில் யார், எப்போது வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் சில மீனவ ஊர்களில் உண்டு. அதற்குப் ‘பாடு’ என்று பெயர். இன்று வளமான இடம் பெற்றவர், முறை முடிந்ததும் அதனைப் பிறர்க்கு விட்டுக்கொடுப்பார். இம்முறைக்குள் இடம்பெறாதோரும் ஏரியை நம்பியே வாழ்கின்றனர்.

நண்பகலில் ஊருக்குள் நடந்தால் பழைய வரலாறு எதிர்ப்படும். டச்சுக்காரர்கள் 1613இல் இங்குக் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரையின் துணிகள் இத்துறையிலிருந்து கீழைத் தீவுகளுக்குச் சென்றன. இன்று கோட்டை சிதைந்து புதர்மண்டிக் கிடக்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் செதுக்கப்பட்ட இரு எலும்புக்கூட்டு உருவங்கள் மட்டும் வருவோரைப் பார்த்து நிற்கின்றன. வணிகர் சென்றுவிட்டனர், வலைஞர் இருக்கின்றனர்.

பிற்பகலில் பாலத்தைக் கடந்தால் கலங்கரை விளக்கம் நிற்கும் மணற்கரையை அடையலாம். ஏரியும் கடலும் கூடும் முகத்துவாரத்தில்தான் ஏரியின் உயிர் இருக்கிறது. கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் இவ்வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். அலைகள் கொணரும் மணல் வாயிலை அடைத்துவிட்டால் குஞ்சுகளின் வரவு தடைப்படும். கோடையில் நீர் வற்றி உப்பு மிகும். படகுகளும் கடலுக்குச் செல்ல இயலாது. மழைக்கால வெள்ளம் வாயிலைத் திறக்கும். அது போதாத காலத்தில் ஊரார் கூடி மணலை அகற்றுவர்.

நெய்தல் திணைக்குச் சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். கதிரவன் சாயும் அந்நேரத்தில், கடல்மேற் சென்றவர் திரும்பும் வழியை நோக்கிக் கரையில் நிற்போர் இன்றும் உளர். அவர்கள் முகத்துவாரத்தின் நீரோட்டத்தையும் நோக்குகின்றனர். பயணிக்கு அது செவ்வானம் தோய்ந்த அழகிய நீர். அவர்களுக்கோ மறுநாள் உலை ஏறுமா என்பதைச் சொல்லும் நீர். இரண்டையும் ஒருங்கே காண்பவரே பழவேற்காட்டைக் கண்டவராவர்.