படல் சாத்திய கொறங்காடு

ஐப்பசி மழை ஓய்ந்து சில வாரங்கள் ஆகின்றன. காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே, முள்ளுக்கிளுவை உயிர்வேலிக்குள் ஒரு கொறங்காடு, மேய்ச்சல் நிலம். நாலு ஏக்கருக்கு மேல் இருக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்கள். மற்ற இடமெல்லாம் கொழுக்கட்டைப்புல். வேலியின் வாயில் படல் சாத்தியிருக்கிறது. வெளியே நிற்கும் மயிலைப் பசு கிளுவைக்கு மேலாகக் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, எட்டாமல், வேலி இலையையே ஒரு வாய் கடிக்கிறது.

பழையகோட்டைப் பட்டக்காரர்கள் பேணி வளர்த்த காங்கேயம் மாட்டின் கட்டுடம்பு இந்தப் புல்லில் உருவானது என்பார்கள் இவ்வூரார்.

புல் முழங்காலைத் தாண்டிவிட்டது. முந்திய கதிர்கள் வெளிறியிருக்கின்றன; பிந்தியவற்றில் இன்னும் ஊதா மங்கவில்லை. ஒவ்வொன்றும் அணில் வால்போலச் சிலிர்த்திருக்கிறது. முற்றிய கதிரை விரலால் உருவினால் பஞ்சு பஞ்சாகக் கையோடு வருகிறது. மயிருக்குள் ஒளிந்திருப்பது நொய்யைவிடச் சிறிய மணி. ஆட்டின் மேலிலும் வேட்டிக் கரையிலும் ஒட்டிக்கொண்டு அது காடு விட்டுக் காடு போகும்.

செம்மறிகளை ஓட்டிக்கொண்டு ஓர் ஆட்டுக்காரர் வருகிறார். வெள்வேல மரத்தடியில் காட்டுக்காரப் பாட்டி உட்கார்ந்திருக்கிறார்.

“ஆத்தா, ஒரு வாரம் உடுங்க. வயிறு ஒட்டிக் கெடக்குதுங்க.”

“கதிரு உதிருட்டும் கண்ணு.”

“உதிந்தா தட்டாப் போயிருமுங்களே!”

பாட்டி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறார்.

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பூக்கும் தறுவாயில் மேய்த்தால் புல்லில் சத்து. முற்றினால் தண்டு நாராகிவிடும். ஆனால் ஆண்டாண்டாய் விதை விழவிடாமல் மேய்த்த காட்டில் தூர் குறைந்து நாளடைவில் வெறுந்தரை தெரியும். ஆழமாக வேர் இறக்கும் புல் இது. கோடையில் மேலே சருகானாலும் அடியில் உயிர் கிடக்கும். ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். அந்தத் தூரையே கரண்டிவிட்டால் மழை வந்தும் பயனில்லை.

பாட்டி இந்தப் புல்லை விதைத்ததில்லை. சில வருடத்துக்கு ஒருமுறை உழுது சோளம் போடுவார்; சோளம் அறுத்தபின் மண்ணில் கிடந்த விதை தானே எழும்பும். புதிதாகக் காடு வைப்பவர்கள்தான் விதைக்கிறார்கள், ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ. அன்று பறித்த விதை அன்றே முளைக்காது, மாதக்கணக்கில் உறங்கும். சேர்த்து வைத்து அடுத்த பருவத்தில், காற்றில் பறக்காமலிருக்க மணலோடு கலந்து, மேலாகத் தூவ வேண்டும். ஆழப் புதைத்தால் போச்சு. வேளாண் பல்கலைக்கழகத்தின் நீலக் கொழுக்கட்டைப்புல் கோ 1 ரகத்தை ஆண்டுக்கு 4 முதல் 6 முறை அறுக்கலாம். இடையிடையே முயல் மசால் ஊன்றினால் தீவனத்துக்குப் புரதமும் சேரும்.

அமெரிக்காவின் அரிசோனாவுக்கு இதே கொழுக்கட்டைப்புல்லை 1930களில் மாட்டுத் தீவனமாகத்தான் கொண்டுபோனார்கள். அங்கே அது பாலைவனத்துக்குள் புகுந்து, காய்ந்து, தீயை இழுத்துச் செல்கிறது. தீயைத் தாங்கத் தெரியாத சகுவாரோ கள்ளிகள் கருகுகின்றன. டூசான் நகரத்துத் தன்னார்வலர்கள் கடப்பாரையோடு போய்த் தூரைப் பெயர்க்கிறார்கள். புல்லைக் குற்றம் சொல்லி என்ன பயன்? வேலியும் படலும் அதனோடு கப்பலேறவில்லை.

பாட்டி துப்பிவிட்டு நிமிர்கிறார். “மேக்கால காட்டுல நாலு நாளைக்கு உட்டுக்கோ.”

“அதுல பாதி மொட்டையாக் கெடக்குதுங்க ஆத்தா.”

“அதனாலதான் நாலு நாளு. வெள்வேலங்காய் விழுகறப்போ மறுபடி வா, இந்தக் காடு தர்றேன்.”

ஆட்டுக்காரர் தலையைச் சொறிகிறார். பிறகு மேற்கே பார்த்து ஆடுகளைத் திருப்புகிறார்.

“பணம் கொடுத்துட்டுப் போ கண்ணு” என்கிறார் பாட்டி.