மேஜரும் கேப்டனும் டெல்லி கணேஷும்

தமிழ்த் திரையுலகின் குணசித்திர நடிகர் டெல்லி கணேஷ் 2024 நவம்பர் மாதம் 9ஆம் திகதி இரவு சென்னையில் தமது 80ஆவது வயதில் காலமானார். அதையடுத்த ஓரிரு நாட்களில் எமது ஆசிரிய பீடத்தில் அவரைப் பற்றிய அஞ்சலிக் குறிப்பைத் தயாரித்துக்கொண்டிருந்த இளம் நண்பர் ஒருவர் கணினித் திரையில் ஒரு படத்தைச் சுட்டிக்காட்டினார். இந்திய விமானப்படையினர் வந்து அன்னாரின் உடலுக்குக் கொடி போர்த்தி மரியாதை செலுத்தும் காட்சி அது.

"அண்ணா, இவருக்கு ஏன் எயார் போர்ஸ்காரர் வந்து மரியாதை செய்யினம்? ஏதாவது படத்திலை பைலட்டாக நடிச்சவரோ?"

அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே இருந்தவர் என்று சொன்னேன். 1964 முதல் 1974 வரை பத்து வருடங்கள் டெல்லி கணேஷ் இந்திய விமானப்படையில் பணியாற்றினார். 1965, 1971 ஆகிய இரு இந்திய - பாகிஸ்தான் யுத்தங்களும் அந்தப் பத்து வருடங்களுக்குள் அடங்குகின்றன. அதன் பின்னரே 1977ஆம் ஆண்டு கே.பாலசந்தரின் 'பட்டினப்பிரவேசம்' படத்தின் மூலம் திரைக்கு வந்தார். 'பசி'யில் ரிக்ஷாக்காரராக, 'சிந்து பைரவி'யில் மிருதங்க வித்துவானாக, 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டுச் சமையற்காரராக நாம் அவரைக் கண்டோம். அவரது பெயருக்கு முன்னால் நின்ற 'டெல்லி'கூட, அந்நகரின் நாடகக் குழுவொன்றில் நடித்தமையால் வந்து சேர்ந்தது. விமானப்படைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இளம் நண்பர் சற்று யோசித்துவிட்டுச் சிரித்தார். "அப்ப மேஜர் சுந்தரராஜன்?" என்றார்.

அவர் இராணுவத்தில் இருந்தவர் அல்லர். பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்திலும், 1966இல் வெளிவந்த அதே பெயர்கொண்ட படத்திலும் கண்பார்வை இழந்த ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரியாக நடித்தமையால் கிடைத்த அடைமொழி அது. விஜயகாந்தைத் தமிழ்நாடே 'கேப்டன்' என்று அழைத்தது. 1991இல் வெளிவந்த அவரது 100ஆவது படமான 'கேப்டன் பிரபாகர'னின் தலைப்பிலிருந்து வந்த பெயர் அது. அந்தப் படத்திலும் அவர் வனத்துறை அதிகாரியாகவே வருகிறார். இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை. இரசிகர்கள் அன்பினால் சூட்டிய பெயர்கள் இவை. ஆனாலும் படைத்தரப் பெயரைச் சுமந்த இருவரும் படையில் இருந்ததில்லை என்பதும், படையில் பத்து வருடங்கள் இருந்தவர் அதைப் பெயரில் சுமக்கவில்லை என்பதும் அன்று முழுவதும் என் மனதை விட்டகலவில்லை. அதற்கு எனது தொழில் வாழ்க்கையில் ஒரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1997ஆம் ஆண்டு, 'பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' திரைப்படம் வெளிவந்து 40 ஆண்டுகள் நிறைவெய்தியதையொட்டி வாரமலருக்குக் கட்டுரை ஒன்று எழுதுவதற்காகக் கித்துல்கலைக்குச் சென்றிருந்தேன். அவிசாவளையைத் தாண்டி மலையேறும் பாதையில், களனி கங்கையின் கரையில் உள்ள சிற்றூர் அது. தாய்லாந்தில் நிகழ்வதாகக் கூறப்படும் அந்தக் கதையை டேவிட் லீன் இங்கேதான் படமாக்கினார். படத்துக்காகக் கட்டப்பட்ட பாலம் 1957 மார்ச் மாதத்தில் ரயிலோடு சேர்த்துத் தகர்க்கப்பட்டது. அதன் அத்திவாரத்தின் எச்சங்களைக் காட்டுவதற்கு அன்றும் ஆற்றங்கரையில் ஆட்கள் இருந்தார்கள். உண்மையான அந்த மரண ரயில்பாதையில் ஆயிரமாயிரமாக மாண்டுபோன மலாயாத் தோட்டத் தமிழர்களுக்குப் படத்தில் இடமில்லை. அது தனியாக எழுதப்பட வேண்டிய விடயம்.

கட்டுரைக்காகத் தகவல் திரட்டியபோதுதான் அந்தப் படத்தின் மூன்று முக்கிய நடிகர்களும் இரண்டாம் உலக மகா யுத்தத்தில் சீருடை அணிந்தவர்கள் என்பதை அறிந்தேன்.

கேணல் நிக்கல்சனாக நடித்து ஒஸ்கார் விருது பெற்ற அலெக் கின்னஸ் 1941இல் பிரித்தானியக் கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்தவர். பின்னர் அதிகாரியாகி, 1943 ஜூலையில் நேச நாட்டுப் படைகள் சிசிலித் தீவில் தரையிறங்கியபோது துருப்புகளைக் கரைசேர்க்கும் கலம் ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். தரையிறக்கத்தைத் தாமதப்படுத்தும் உத்தரவு தம்மை வந்தடையாததால், மற்றவர்களுக்கு முன்னதாகவே கரையை அடைந்துவிட்ட சங்கடத்தைப் பின்னாளில் நகைச்சுவைச் சம்பவமாகவே அவர் எழுதினார். தகரக் கூண்டிலிருந்து வெளியே வந்து கேணல் நிக்கல்சன் தள்ளாடி நடக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இளம்பிள்ளை வாதத்திலிருந்து தேறி மீண்டும் நடக்கப் பழகிய தமது மகனின் நடையையே அந்தக் காட்சிக்கு எடுத்துக்கொண்டதாகக் கின்னஸ் கூறியிருக்கிறார். யுத்தத்தைக் கண்ணால் கண்டவர், யுத்தக் கைதியின் நடையைத் தமது வீட்டிலிருந்து எடுத்திருக்கிறார்.

மேஜர் வோர்டனாக வந்த ஜக் ஹோக்கின்ஸ் பிரித்தானியத் தரைப்படையில் கேணல் தரம்வரை உயர்ந்தவர். இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இருந்த துருப்புகளுக்கான கலைநிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருந்தார்.

மூன்றாமவர் வில்லியம் ஹோல்டன். அமெரிக்க இராணுவ விமானப்படையில் லெப்டினன்ட்டாக இருந்தபோதிலும் அவருக்குக் கிடைத்த பணி பயிற்சிப் படங்களில் நடிப்பது. கடற்படை விமானியாக இருந்த அவரது இளைய சகோதரர் 1944 ஜனவரியில் பசிபிக் களத்தில் கொல்லப்பட்டார். குவாய் படத்திலே ஹோல்டன் ஏற்ற பாத்திரம், இறந்துபோன அதிகாரி ஒருவரின் அடையாளத்தைத் தனதாக்கிக்கொண்டு, தானும் அதிகாரியென்று நடித்துத் தப்பிக்க முயலும் சாதாரண மாலுமியுடையது. களனி கங்கைக் கரையில் அந்தச் சீருடையை அணிந்துகொண்டு நின்றபோது அவர் தமது சகோதரரை நினைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. நான் அந்தப் படத்தை மீண்டும் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

இவர்கள் எல்லோரையும்விட என்னை அதிகம் கவர்ந்தவர் ஜேம்ஸ் ஸ்டுவர்ட். 1941 பெப்ரவரி இறுதியில் அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் விருது கிடைத்தது. ஒரு மாதம் முடிவதற்குள், மார்ச் 22ஆம் திகதி, சாதாரண சிப்பாயாக இராணுவத்தில் சேர்ந்தார். அமெரிக்கா அப்போது யுத்தத்தில் இறங்கியிருக்கவில்லை. முதல் தடவை சென்றபோது உடல் எடை போதாதென்று திருப்பி அனுப்பப்பட்டு, இரண்டாம் தடவை சேர்த்துக்கொள்ளப்பட்டவர். விமானமோட்டும் அனுமதிப்பத்திரத்தை ஏற்கெனவே வைத்திருந்தார்.

புகழ்பெற்ற நடிகர் ஒருவரைக் களத்துக்கு அனுப்பி இழந்துவிட எந்தப் படைத் தலைமையும் விரும்பாது. ஆட்சேர்ப்புப் படத்தில் தோன்றுவது, வானொலியில் பேசுவது, புதியவர்களுக்குப் பயிற்சி அளிப்பது என்றே அவரது நாட்கள் கழிந்தன. களத்துக்கு அனுப்புமாறு விடாமல் வற்புறுத்தி, 1943 நவம்பரில் 445ஆவது குண்டுவீச்சு விமானக் குழுவின் ஸ்குவாட்ரன் ஒன்றுக்குத் தலைவராக இங்கிலாந்தின் டிபென்ஹாம் தளத்தை அடைந்தார். நான்கு இயந்திரங்கள் கொண்ட பி-24 லிபரேட்டர் விமானங்கள் அவை. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் அளவில் இருப்பார்கள். 1944 பெப்ரவரி 24ஆம் திகதி, ஜேர்மனியின் கோதா நகர்மீதான தாக்குதலில் அந்தக் குழு ஒரே நாளில் 13 விமானங்களை இழந்தது. காலையில் உணவு மண்டபத்தில் இருந்தவர்களில் எத்தனை கதிரைகள் மாலையில் வெறுமையாகியிருக்கும் என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஸ்டுவர்ட் 20 தாக்குதற் பறப்புகளில் பங்குபற்றினார். சிப்பாயாகச் சேர்ந்தவர் நான்கு வருடங்களில் கேணலாகித் திரும்பினார். திரும்பியதும், தமது யுத்த சேவையைப் படங்களின் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்பதில் உறுதியாக நின்றார். யுத்தத்தின் பின் அவர் நடித்த முதற்படம் 1946இல் வெளிவந்த 'இட்ஸ் எ வொண்டர்புல் லைவ்'. ஒரு காது கேளாததால் யுத்தத்துக்குச் செல்லாமல் ஊரிலேயே தங்கிவிட்ட மனிதனாக அதில் அவர் நடித்தார். யுத்தத்துக்குச் சென்று பதக்கம் பெற்று வருபவன் கதையில் அவனுடைய தம்பி.

1973இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'த வேர்ல்ட் அட் வோர்' என்ற பிரித்தானிய விவரணத் தொடரில் அவரது நேர்காணல் இடம்பெற்றது. திரையில் அவரது பெயரின் கீழே 'ஸ்குவாட்ரன் கொமாண்டர்' என்று மட்டுமே போட்டார்கள். அப்போது அவர் விமானப்படையின் சேமப்பிரிவில் பிரிகேடியர் ஜெனரலாக இருந்து ஓய்வுபெற்றிருந்தார். உலகறிந்த நடிகராகவும் இருந்தார். அவ்விரண்டில் ஒன்றும் அங்கே குறிப்பிடப்படவில்லை. 1969இல் அவரது மனைவியின் மூத்த மகன் வியட்நாமில் கொல்லப்பட்டிருந்தார் என்பதையும் இங்கே சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

இத்தகையோரின் பட்டியல் நீண்டது. யுத்தநிதிப் பத்திரங்களை விற்பதற்கான பயணத்திலிருந்து திரும்பும்போது மனைவி கரோல் லொம்பார்ட் விமான விபத்தில் இறந்த அதே 1942இல், 41 வயதில் விமானப்படையில் சேர்ந்து, மறுவருடம் ஐரோப்பிய வான்பரப்பில் பறந்த கிளார்க் கேபிள் ஒருவர். 1958இல் புகழின் உச்சியில் இராணுவத்துக்கு அழைக்கப்பட்டபோது, துருப்புகளுக்குப் பாடும் சொகுசான பணியை ஏற்காமல் ஜேர்மனியில் மற்றவர்களைப்போலச் சாதாரண சிப்பாயாகச் சேவையை முடித்த எல்விஸ் பிரெஸ்லி இன்னொருவர்.

இனி எனது கதைக்கு வருகிறேன்.

1995 ஓகஸ்ட் மாதம். இரண்டாம் உலக மகா யுத்தம் முடிந்து 50 ஆண்டுகள். அப்போது நான் பத்திரிகைத் துறைக்குப் புதியவன். அந்த யுத்தத்தில் பங்குகொண்ட தமிழர் ஒருவரைத் தேடிப் பிடித்து எழுதும்படி பணிக்கப்பட்டேன். வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த முதியவர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சென்றேன். இளவயதில் பிரித்தானியப் படையின் பயனியர் பிரிவில் சேர்ந்து எகிப்துக்குச் சென்று வந்தவர். ஊர் திரும்பிய பின்னர் யாழ்ப்பாணத்து இசை நாடக மேடைகளில் ஸ்திரீபார்ட் வேடங்களில் பெயரெடுத்தவர். மயான காண்டத்தில் அவருடைய சந்திரமதியைப் பார்த்து அழாதவர் இல்லையென்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

"ஐயா, எகிப்திலை நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ" என்றேன்.

கப்பலில் போகும்போது கூட வந்தவர்கள் தம்மைப் பாடச்சொல்லிக் கேட்பார்கள் என்றார். பதுங்குகுழி வெட்டியதையும் பெட்டிகள் சுமந்ததையும் சொன்னார். அதற்குமேல் கேட்டபோது, "அதை விடும் தம்பி. சந்திரமதியைப் பற்றிக் கேளும், விடிய விடியச் சொல்லுறன்" என்றார். சொன்னபடியே மூன்று மணித்தியாலங்கள் சந்திரமதியைப் பற்றிப் பேசினார். இடையில் பாடியும் காட்டினார்.

எனக்கு வேண்டியது அதுவன்று. மறுநாள் காரியாலயத்தில் அமர்ந்து, பாலைவனத்தில் குண்டு மழைக்கு நடுவே எதிரியை எதிர்கொண்ட வீரக் கலைஞர் என்று எழுதினேன். அவர் சொல்லாத ஒரு சண்டையையும் சேர்த்துக்கொண்டேன். அது நன்றாக இருக்கிறதென்று பாராட்டும் கிடைத்தது. அது எமது நாட்டிலும் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். 'வீரம்' என்ற சொல்லை நாளொன்றுக்குப் பத்துத் தடவை எழுதப் பழகியிருந்த கை அது.

ஒரு வாரத்தின் பின்னர் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே எனது கட்டுரையின் நறுக்கு. குண்டு மழை பற்றிய பந்தியின் கீழே பென்சிலால் ஒரு கோடு. ஓரத்தில், 'தம்பி, இது நான் இல்லை' என்று எழுதியிருந்தார். வேறொன்றுமில்லை.

சென்று மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று நினைத்தேன். நாளைக்கு, அடுத்த கிழமை என்று தள்ளிப்போட்டேன். அவர் மகளிடம் கனடாவுக்குப் போய்விட்டார் என்று அறிந்தேன். 1998இல் அங்கேயே காலமானதாகச் செய்தி வந்தது.

டெல்லி கணேஷ் பற்றிய அஞ்சலிக் குறிப்புக்கு இளம் நண்பர் வைத்திருந்த தலைப்பு 'நாடு காத்த நடிகர்' என்பது. அதை வெட்டிவிட்டு அவரது பெயரை மட்டும் போடச் சொன்னேன். விமானப்படையில் பணியாற்றிய காலத்தை, 1964 - 1974 என்று ஆண்டுகளுடன் ஒரே வரியில் சேர்த்தோம். "ஏன் அண்ணா, நல்ல தலைப்புத்தானே?" என்று அவர் சற்று மனவருத்தத்துடன் கேட்டார். மேசை லாச்சியைத் திறந்து, மஞ்சளாகிப்போன அந்தப் பத்திரிகை நறுக்கை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.