காவல் கேட்ட வீடு

2024 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் திருடர்கள் புகுந்தார்கள். வீட்டார் ஒரு திருமணத்திற்காக வெளியூர் சென்றிருந்த இரவு அது. பீரோவை உடைத்து நகைகளை எடுத்தவர்கள், போவதற்கு முன் சமையலறையில் உட்கார்ந்து, டப்பாவிலிருந்த முறுக்கையும் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். நகை போனதைக் காட்டிலும் அந்த முறுக்குத் துணுக்குகள்தாம் எங்களைக் கலங்க வைத்தன. அத்தனை நிதானமாக ஒருவன் அமர்ந்து உண்ட வீடு நம்முடையதாகவும் இருந்திருக்கலாம் அல்லவா?

தஞ்சைக்கு வெளியே, வயல்கள் மனைகளாக மாறிய பகுதியில் எங்கள் வீடு இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய நான், அப்போது 84 வயதான என் தாயார், மருமகள், ஏழு வயதிலும் நான்கு வயதிலும் இரு பேரப்பிள்ளைகள். வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவுதான். மகன் குவைத்தில் பணிபுரிகிறான். செய்தியைக் கேட்ட அன்றிரவே தொலைபேசியில் பேசினான்: “அப்பா, ஒரு பிட்புல் வாங்கி வாசலில் கட்டிவிடுங்கள். பணம் அனுப்புகிறேன். அது நின்றால் ஒருவனும் கிட்டே வரமாட்டான்.”

நான் உடனே இசைந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 68 வயதில் ஓர் ஆண்பிள்ளைக்குத் தன் கைகளின் மீதிருந்த நம்பிக்கை குறைந்துவிடுகிறது. என்னைக் கண்டு அஞ்சாத திருடன் என் நாயைக் கண்டாவது அஞ்சட்டுமே என்ற எண்ணம் எனக்கு இனித்தது.

திருச்சி சாலையில் நாய் விற்கும் ஒருவரைத் தேடிப் போனேன். நாற்பத்தைந்து நாள் குட்டிகள் நான்கு இருந்தன. ஒன்றைத் தூக்கி என் கையில் கொடுத்தார். அது என் விரல்களை நக்கிவிட்டு உள்ளங்கையிலேயே தூங்கிப்போயிற்று. முன்பணம் கொடுக்கச் சட்டைப்பையில் கையை விட்டேன். அப்போது அவர், “ஐயா, நல்ல காவல் வேண்டுமென்றால் இதைத் தனியாகக் கட்டிப்போடுங்கள். வெளியாள் முகத்தைக் காட்டாதீர்கள். யாரிடமும் பழகவிடாதீர்கள். அப்போதுதான் ஆளைக் கண்டால் பாயும்” என்றார். அவருக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில், முழநீளச் சங்கிலியில் குட்டிகளின் தந்தை நின்றுகொண்டிருந்தது. அது குரைக்கவில்லை. பார்த்துக்கொண்டேயிருந்தது.

“நாளை வருகிறேன்” என்று சொல்லித் திரும்பினேன். வழியெல்லாம், பத்து வயதில் நான் கண்ட ஒரு கை என் நினைவில் வந்துகொண்டேயிருந்தது.

என் தந்தையார் ஒரு நாய் வளர்த்தார். அதை முரடாக்கவேண்டுமென்று பகலெல்லாம் இருட்டறையில் கட்டிவைப்பார். வெளியாள் வந்தால் உசுப்பிவிடுவார். ஒரு கோடை நண்பகலில் சங்கிலியின் கொக்கி தெறித்தது. வந்தவன் திருடனல்லன். எங்களுக்குப் பால் ஊற்றும் அம்மாளின் மகன். என் வயதுப் பையன். இடது முன்கையில் சதை பிய்ந்து தொங்கியது. அந்நாளில் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள். பதினான்கு நாளும் என் தந்தையாரே அவனைச் சைக்கிளில் வைத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். ஆனால், அதற்குப்பின் அவன் எங்கள் வாசற்படி மிதித்ததில்லை. அவன் தாய் பாற்செம்பை வேலிக்கு வெளியிலேயே வைத்துவிட்டுப் போவாள். உறவினரும் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஒரு வகையில் காவல் நன்றாகவே நடந்தது. நல்லவர் ஒருவரும் உள்ளே வரவில்லை.

மறுநாள் விற்பவரிடம் செல்லாமல், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். அவர் முதலில் ஒரு வரலாற்றைச் சொன்னார். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் காளையைக் கட்டிவைத்து அதன்மீது நாய்களை ஏவிவிடும் கொடிய கேளிக்கை இருந்தது. 1835 ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்தது. கேளிக்கை விரும்பிகள் அத்துடன் திருந்திவிடவில்லை. நாயோடு நாயைக் குழிக்குள் விட்டுச் சண்டை மூட்டினார்கள். ‘பிட்’ என்றால் குழி. பெயரிலேயே அந்தக் குழி இருக்கிறது. புல்டாக்கின் வலிமையும் டெரியரின் துடிப்பும் சேரும்படி கலந்து உருவாக்கிய நாய்கள் பின்னர் அமெரிக்காவுக்குச் சென்றன. அங்கே 1898 இல் அமெரிக்கன் பிட்புல் டெரியர் என்ற பெயரில் பதிவுபெற்றன.

“இதில் நீங்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு” என்றார் மருத்துவர். “சண்டைக்கு நடுவே நாயைக் கையால் பிடித்துப் பிரிக்கவேண்டியவன் மனிதன். ஆகவே மனிதரைக் கடிக்கும் நாயை அவர்கள் விரும்பவில்லை. மற்ற நாயைத் தாக்கவேண்டும், பிடித்ததை விடக்கூடாது என்பதுதான் அவர்கள் தேடிய குணம். இது காவலுக்காக உருவான இனமே அன்று. அன்பாக வளர்த்த பிட்புல், அயலாரைக் கண்டாலும் வாலை ஆட்டிக்கொண்டு போய் நிற்கும். அப்படிப்பட்ட சாதுவான நாய்களுக்கு நானே வைத்தியம் பார்த்திருக்கிறேன். அன்பாக வளர்த்தால் உங்களுக்குக் காவல் கிடைக்காது. முரடாக வளர்த்தால், நாய்ச்சண்டைக்கென்று கூட்டிய வலிமையை மனிதர்மேல் திருப்பிவிடுகிறீர்கள்.”

விற்பவர் சொன்ன முறையைப் பற்றிக் கேட்டேன். ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1965 இல் வெளியிட்ட நூலொன்றைக் குறிப்பிட்டார். நாய்க்குட்டிக்கு ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரையிலான காலமே உலகத்தோடு பழகும் பருவம் என்பது அவர்கள் கண்டது. அப்போது மனிதரைப் பார்க்காமல் அடைத்துவைத்த நாய் பின்னர் எல்லாவற்றுக்கும் அஞ்சும். அஞ்சிய நாய் கடிக்கும். “அச்சத்தால் கடிப்பதை நாம் வீரம் என்று நினைத்துக்கொள்கிறோம்” என்றார்.

பின்பு என்னைக் கேட்டார்: “நாள்தோறும் அதை நடத்திச் செல்லப்போவது யார்? ஆட்டையோ தெருநாயையோ கண்டு அது இழுத்தால் பிடித்து நிறுத்தும் வலு யாருக்கு இருக்கிறது? குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடும்போது, உங்கள் தாயார் கோல் நழுவி விழும்போது அருகில் யார் இருப்பார்கள்?”

நான் விடை சொல்லவில்லை. 2022 இல் லக்னோ நகரில், மகன் வளர்த்த பிட்புல் நாயே அவனுடைய முதிய தாயைக் கடித்துக் கொன்ற செய்தியை நானும் படித்திருந்தேன். படித்தபோது அது வேறு யாருடைய வீட்டுச் செய்தியாகவோ இருந்தது.

அந்த மார்ச் மாதத்திலேயே பிட்புல் உள்ளிட்ட 23 இனங்களுக்கு உரிமம் தரவேண்டாமென்று மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்கவில்லை என்று கூறி, ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி, பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கும் இனிப் புதிய உரிமம் இல்லையென அறிவித்தது. இனத்தைத் தடைசெய்வது தகுமா, வளர்ப்போரைப் பொறுப்பாக்குவது தகுமா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். ஆனால் சட்டம் அனுமதித்த போதிலும் எங்கள் வீட்டுக்கு அது தகுமா என்பதை நான்தானே தீர்மானிக்கவேண்டும்!

இத்தனை பேரைக் கேட்ட நான், இரவில் உண்மையாகவே அஞ்சிக்கொண்டிருந்த ஒருத்தியைக் கேட்கவில்லை என்பது அன்று மாலைதான் உறைத்தது. மருமகளை அழைத்துக் கேட்டேன். அவள் சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, “மாமா, திருடனை நாய் கடிக்கவேண்டும் என்பதில்லை. ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டால், அது எனக்கு மட்டும் கேட்கவில்லை என்று தெரிந்தால் போதும்” என்றாள்.

நாங்கள் தேடியது இன்னதென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் தேடியது எனக்குப் பதிலாகச் சண்டையிட ஒரு நாயை. அவள் கேட்டதோ, தன்னோடு விழித்திருக்கும் மனிதரை.

மகனிடம் விவரமாகப் பேசினேன். முதலில் வருந்தினான், பின் ஒப்புக்கொண்டான். அவன் அனுப்பிய பணத்தில் கொல்லைப்புறக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாளும், நான்கு மூலைக்கும் விளக்கும் போட்டோம். தெருவில் ஏழு வீட்டாரும் தொலைபேசி எண்களை எழுதிக்கொண்டு, எந்த நேரமானாலும் கூப்பிடுவது என்று பேசிக்கொண்டோம். அதுவரை அவர்களில் மூவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. மருத்துவரின் யோசனைப்படி ஒரு நாட்டு நாய்க்குட்டியை எடுத்து, தடுப்பூசி போட்டு, எல்லாரோடும் பழகவிட்டோம். பேரன் அதற்கு மணி என்று பெயர் வைத்தான்.

சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு, இரண்டு மணியிருக்கும். மணி விடாமல் குரைத்தது. நான் எழுவதற்குள் மருமகள் விளக்கைப் போட்டுவிட்டாள். எதிர்வீட்டிலும் விளக்கெரிந்தது. வெளியே ஓடிப் பார்த்தால், ஈரத் தரையில், கோலில்லாமல், வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் தாயார். அண்மைக்காலமாக அவருக்கு இரவும் பகலும் தெரிவதில்லை. தாழ்ப்பாளைத் தாமே நீக்கிக்கொண்டு வந்திருக்கிறார். நாய் அவரைச் சுற்றிச்சுற்றி வந்து எங்களை அழைத்துக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுக்காரர் குடையோடு வந்துவிட்டார். இருவருமாக அம்மாவைத் தாங்கி உள்ளே அழைத்து வந்தோம். அம்மா நடந்துகொண்டே, “ஏன்டா எல்லாரும் முழிச்சிக்கிட்டு இருக்கீங்க?” என்று கேட்டார்.