சித்தப்பாவின் சிரிப்பு

கை கால் விழுந்துபோன மனிதரைக் கண்டால் நமக்கெல்லாம் இரக்கம் பிறக்கிறது. அதே மனிதர் சாவு வீட்டில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தால்? அப்போது இரக்கம் திண்ணையோடு நின்றுவிடுகிறது. கேளம்பாக்கத்தில் உப்பளக் கணக்குப் பிள்ளையாக இருந்த என் சித்தப்பாவுக்கு இதுதான் நேர்ந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்தார், கண்ணில் நீர் வழிந்தது, சிரிப்பு நிற்கவில்லை. மறுநாள் ஊர் அவருக்குப் பைத்தியப் பட்டம் கட்டிவிட்டது. நம்மவர்கள் பட்டம் கட்டுவதில் மட்டும் தாமதிப்பதே இல்லை!

அவருக்கு வந்திருப்பது ஏ.எல்.எஸ். என்னும் வியாதி. தசைகளை ஆட்டிவைக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிந்துபோவது இதன் இயல்பு. 1869-ம் வருஷத்திலேயே பாரிஸ் வைத்தியர் ஷார்க்கோ இதை விவரித்தார். இந்நோய்க் குடும்பத்தில் நம் ஊர்ப் பெயர் தாங்கிய கிளையும் ஒன்று உண்டு. காது மந்தத்தோடு இளவயதினரைப் பீடிக்கும் 'மெட்ராஸ்' வகையைப் பற்றிச் சென்னை வைத்தியர்கள் 1970-ல் எழுதினார்கள். பெருமைப்படத்தக்க சமாசாரம் அல்லதான்.

சிரிப்புக்குக் காரணம் மூளையிலிருந்து இறங்கும் கட்டுப்பாட்டுப் பாதைகள் பழுதுபட்டதே என்றார் டாக்டர். மனத்தில் துக்கம் இருக்கையிலேயே முகம் சிரித்துவிடுமாம். அதற்கு மருந்தும் கொடுத்தார். சிரிப்பு பெரும்பாலும் அடங்கியது.

சித்தியை வாட்டியது சிரிப்பு அல்ல, மற்றொன்று. சித்தப்பா எதிலும் பற்றில்லாதவராகிவிட்டார். சித்திக்கு ஜுரம் வந்து படுத்த அன்றும் கேட்கவில்லை, பார்க்கவில்லை, தமக்குச் சாப்பாடு நேரத்துக்கு வரவில்லையென்று முறைத்தார்.

"ஏண்டா, முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினவரா இவர்? நான் என்ன குற்றம் செய்தேன்?" என்று சித்தி என்னிடம் அழுதாள்.

இந்த நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சிந்தனையிலோ நடத்தையிலோ மாறுதல் ஏற்படுகிறது. மூளையின் முன்பாகமும் பழுதாவதுதான் காரணம். இதை டாக்டர் படம் போட்டு விளக்கினார். "நன்றி கெட்டதனம் இல்லையம்மா, நோய்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகச் சித்தி இரண்டு வருஷம் காத்திருந்தாள் என்று எனக்குத் தோன்றியது. அதன் பிறகு அவள் தர்க்கம் செய்வதை விட்டாள். இரண்டு கேள்வி கேட்டால் அவர் சீறுவார். ஒன்று கேட்டால் பதில் வரும். சாப்பாடு மணி அடித்தாற்போல் வர வேண்டும். மாலையில் இரண்டு மணி நேரம் நான் உட்கார்ந்துகொள்வேன்; சித்தி வெளியே போய்வர வேண்டியது. முதலில் மறுத்தாள். பிறகு முட்டுக்காட்டுப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போகத் தொடங்கினாள்.

பேச்சும் போனபோது எழுத்து அட்டை ஒன்று தயாரித்தேன். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் எழுதினால் அட்டை பாயாகிவிடும் அல்லவா? உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, அவ்வளவுதான். மெய்யையும் உயிரையும் கண்ணால் அடுத்தடுத்துக் காட்டினால் எழுத்து கூடிவிடும்.

அட்டை வந்த முதல் நாள், குழைந்த சாதம் ஊட்டிக்கொண்டே, "என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று சித்தி கேட்டாள். அவர் கண் மெதுவாக நகர்ந்தது. 'உ'. பிறகு 'ப்'. மறுபடி 'ப்', 'உ'.

சித்தி ஒரு கணம் அட்டையையே பார்த்தாள். பிறகு எழுந்து உப்பு ஜாடியை எடுத்து வரப் போனாள்.