டூகோ

என் காரின் முன்பக்க ஃபெண்டர் நசுங்கியதால்தான் புதுப்பேட்டையில் அந்த ஷெட்டுக்குப் போனேன். உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொடுத்தார்கள். நான்கு சனிக்கிழமை அதில்தான் உட்கார்ந்திருந்தேன். வேலை நடக்கும் இடத்தில் வேலையில்லாமல் இருப்பவனைக் கொஞ்ச நேரத்தில் சுவரோடு சேர்த்துவிடுவார்கள். எனக்கு அது வசதி.

கார் கதவுகளுக்கும் ஆட்டோ மட்கார்டுகளுக்கும் நடுவே, இரண்டு பழைய டயர்களின் மேல் கருப்பாக ஒன்று படுத்திருந்தது. பெயிண்ட் கலக்கும் பையன் அதன் தலைப்பக்கம் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தான்.

“பாய், இதுலயும் ஃபெண்டர்னு போட்டிருக்கு. எந்த வண்டிது?”

“வண்டியில்லடா. கிட்டாரு. அந்த சார் நிக்கிறார் பாரு, அவரோடது.”

அந்த சாருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பட்டன் போட்டிருந்தார். நிற்கும்போது இடதுகை விரல்கள் தொடையில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தன. நான்கு தந்தி பேஸ் கிட்டார் அது. கோடம்பாக்கத்தில் ரெக்கார்டிங்குக்கு வாசித்தவர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. ‘அன்னக்கிளி’ வந்த 1976க்குப் பிறகு தமிழ்ப் பாட்டில் பேஸ் கிட்டாருக்கு வந்த மரியாதை வேறு. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் இளையராஜா ஸ்டாஃப் நொட்டேஷனில் தனியாக எழுதிக் கொடுப்பார். பாட்டைக் கேட்பவர்களுக்கு யார் வாசித்தது என்று தெரியாது. வாசித்தவருக்கு எந்த இடத்தில் எந்த ஸ்வரம் என்று இன்றைக்கும் தெரியும். இவர் யார் யாருக்கு வாசித்தார் என்று அவரும் சொல்லவில்லை, பாயும் கேட்கவில்லை.

“கருப்பு மங்கிப்போச்சு பாய். திருப்பியும் கருப்பே அடிச்சிடுங்க.”

பாய் கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். “கன்னுல அடிச்சதில்லையே இது. பிரஷ்ஷு. எனாமல்.”

“நான்தான் அடிச்சேன். எழுவத்தொம்போதுல.”

மெல்லிசைக் குழு ஒன்றில் எல்லாருக்கும் கருப்புக் கோட்டு தைத்தார்களாம். வாத்தியமும் கருப்பாக இருந்தால் மேடையில் எடுப்பாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு டின் எனாமல், ஒரு அங்குல பிரஷ், வீட்டு மொட்டைமாடி. தலைப்பக்கத்தில் இருந்த எழுத்தை மட்டும் விட்டுச் சுற்றிக் கருப்பு தீட்டியிருந்தார். எழுத்தின் விளிம்பை ஒட்டி மெலிசாக ஒரு சிவப்பு தங்கியிருந்ததை நான் அன்றைக்கே பார்த்தேன். சொல்லவில்லை.

கழுத்தைப் பிடித்திருந்த நான்கு ஸ்க்ரூவையும் பாய் கழற்றினார். அடியில் மரத்தில் முத்திரை குத்தியிருந்தது: ஓர் ஏழு, ஏப்ரல், 64, கடைசியில் ஆங்கில ‘ஏ’. ஏழு என்றால் ஜாஸ் பேஸ், ‘ஏ’ என்றால் கழுத்து மேல்முனையில் ஒன்றரை அங்குல அகலம் என்று வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஃபெண்டர் கம்பெனி 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸுக்கு அங்கே ஒன்றேமுக்கால் அங்குலம். 1960இல் வந்த இது கை சின்னவர்களுக்கு வாகானது. இரண்டையும் கொண்டுவந்த லியோ ஃபெண்டருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. ரேடியோ ரிப்பேர்காரர்.

முகப்பில் இருந்த பிளாஸ்டிக் தகட்டை எடுத்ததும் பாய் பையனைக் கூப்பிட்டார்.

“இங்க பாரு. ஆணி.”

தகட்டின் மறைவில் குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

“நாலு ஆணி அடிச்சு, அது மேல கவுத்து நிக்க வெச்சு அடிச்சிருக்கான். ஒரு பக்கம் காயறதுக்குள்ள திருப்பிப் போடலாம், தரையில ஒட்டாது. நம்ம மரக்கதவுக்குப் பண்றோம்ல, அதே வேலை.”

பழைய ஃபெண்டர்களை அசலா என்று பார்ப்பவர்கள் முதலில் தேடுவது இந்த ஆணி ஓட்டைகளைத்தான். கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் தொழிற்சாலையில் 1964 வரைக்கும் அப்படித்தான் பெயிண்ட் அடித்தார்கள். பாய் அதைப் படித்ததில்லை. பார்த்துச் சொன்னார்.

இரண்டாவது சனிக்கிழமை ஒரு இளைஞர் வந்தார். பெரியவருடைய நண்பரின் மகனாம். சாஃப்ட்வேர் வேலை, பேஸ் கிட்டார் பைத்தியம். புரூக்ளினில் செய்யும் ஃபோடெரா ஒன்று, ஜெர்மனியின் வார்விக் ஒன்று, இன்னும் இரண்டு வைத்திருக்கிறார். அவற்றின் விலையை அவர் சொன்னபோது பையன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான். தலைப்பக்க எழுத்தைச் சுற்றியிருந்த சிவப்பு அவர் கண்ணில் பட எனக்கு ஆன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

“அங்கிள்... இது ஃபியஸ்டா ரெட். கருப்பு அடிக்காதீங்க. ப்ளீஸ்.”

“எனக்குத் தெரியாதா? நானே மூடினதுதானே.”

அடுத்த பத்து நிமிடம் இளைஞர்தான் பேசினார். சன்பர்ஸ்ட் வேண்டாம், வேறு நிறம் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு ஃபெண்டர் விலையில் ஐந்து சதவீதம் கூட்டி வாங்கியது. அந்த நிறங்களை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. கார் பெயிண்ட் டப்பாவிலிருந்து எடுத்தார்கள். சோனிக் ப்ளூ காடிலாக் காருடையது. சர்ஃப் கிரீன் ஷெவர்லே. இந்த ஃபியஸ்டா ரெட் 1956இன் ஃபோர்டு தண்டர்பேர்டு. டூபாண்ட் கம்பெனியின் டூகோ.

பாய் அதுவரை தலையைத் தூக்கவில்லை. இப்போது தூக்கினார்.

“டூகோவா?”

“டூகோதான் பாய்.”

“அப்ப இது நம்ம வேலைதானே!” என்று சிரித்தார். அதுவரை அந்த வாத்தியத்தை ஒரு விருந்தாளியைப் போலத் தொட்டவர், பிறகு கதவைத் தூக்குவதுபோலத் தூக்கினார்.

டூகோ நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். தின்னர் பறந்ததும் காய்ந்துவிடும். இன்னொரு கோட்டு அடித்தால் கீழே இருப்பதும் கொஞ்சம் இளகி மேலே வருவதோடு ஒன்றாகிவிடும். அறுபதுகளின் கடைசியில் ஃபெண்டர் மாறிப்போன பாலியஸ்டர் அப்படியில்லை. அது கட்டிப்பட்டால் கட்டிப்பட்டதுதான், தின்னர் அதை ஒன்றும் செய்யாது. இங்கே சிக்கல் அதற்கு நேர்மாறு. மேலே இருக்கும் எனாமலை மருந்து போட்டு எடுத்தால், அடியில் இருக்கும் டூகோ அதற்கு முன்னால் கரைந்து போகும்.

அசல் பெயிண்ட் போனால் பழைய ஃபெண்டரின் விலை பாதியாகிவிடும் என்றார் இளைஞர். பெரியவர் விலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“சிவப்பு எனக்கு வேணாம்ப்பா. அது அவரோடது.”

1974இல் இதை விற்றவரைச் சொல்கிறார் என்று கொஞ்சம் பொறுத்துப் புரிந்தது. பெரம்பூரில் இருந்த ஆங்கிலோ இந்தியர். குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனபோது கொடுத்துவிட்டுப் போனவர். இளைஞர் எதிர்பார்த்த பதில் இது இல்லை. விலைக்குப் பதில் சொல்ல அவருக்குத் தெரியும், இதற்குத் தெரியவில்லை. பாய்தான் வழி சொன்னார்.

“சொரண்டிப் பாக்கறேன் சார். புடிக்கலைன்னா கருப்பு அடிச்சிக்கலாம். கருப்பு எங்க போயிடப்போவுது?”

மூன்றாவது சனிக்கிழமை மழை. மழை நாளில் டூகோ அடிக்க மாட்டார்கள்; தின்னர் பறக்கும் வேகத்தில் பெயிண்ட் குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மேலே பால் படர்ந்ததுபோல வெளுத்துவிடும். அதனால் கம்ப்ரஸர் நின்றிருந்தது. ஷெட்டில் கேட்ட ஒரே சத்தம் உப்புத்தாள் தேய்ப்பதுதான். பிளேடை விரலால் லேசாக வளைத்து எனாமலின் மேல்தோலை எடுத்துவிட்டு, நனைத்த வாட்டர் பேப்பரை ஒரு ரப்பர் துண்டில் சுற்றித் தேய்த்தார் பாய். எட்டுநூறு, ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. பக்கெட்டில் சோப்புத் தண்ணீர். கருப்புக் கூழ் வடிந்துகொண்டே இருந்தது. அதில் சிவப்பு கலந்தால் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு நாலு இழுப்புக்கும் துணியால் துடைத்து, விளக்குப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். நான் எண்ணினேன்; ஒரு உள்ளங்கை அகலம் வெளியே வர நாற்பத்தைந்து நிமிடம். அதே நேரத்தில் என் ஃபெண்டருக்குப் பட்டி வைத்து, தேய்த்து, பிரைமருக்குத் தயார் செய்துவிட்டான் பையன்.

வெளியே வந்தது சிவப்பு என்று சொல்ல முடியாது. பழுத்து வெயிலில் கிடந்த மிளகாய்க்கும் செம்பருத்திக்கும் நடுவில் ஒரு நிறம். மேலிருந்த லாக்கர் மஞ்சளித்துப்போய் அதை இன்னும் பழமாக்கியிருந்தது. குறுக்கே தலைமுடி போல வெடிப்புகள்.

சாயங்காலம் மேல்வளைவில் சிவப்பு திடீரென்று நின்றுபோனது. பாய் கையை எடுத்தார். தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்திருப்பார். முகம் அப்படித்தான் ஆனது. அங்கே முதலில் வெள்ளை அடிப்பூச்சு, அதற்குள் வெறும் மரம், நீளவாக்கில் ஒரு தீவு மாதிரி. கை பட்டுப் பட்டு வழவழத்திருந்த மரம்.

“என்னால போவல சார். இது முன்னாடியே போயிருக்கு.”

பெரியவர் எழுந்து வந்தார். வாத்தியத்தை மடியில் வாங்கி, சட்டைக் கையை முழங்கைவரை மடித்து, வலது முன்கையை அந்தத் தீவின் மேல் வைத்தார். பொருந்தவில்லை. இரண்டு விரல் மேலே விழுந்தது அவர் கை. நகர்த்தி வைத்தார். மறுபடியும் தன் இடத்துக்கே வந்தது.

“அவர் என்னைவிட உயரம்,” என்றார்.

கருப்பைப் பற்றி அதன் பிறகு பேச்சே எழவில்லை.

நான்காவது சனிக்கிழமை பாய்க்கு ஒரு மனக்குறை. மேலே ஒரு கோட்டு கிளியர் அடித்துக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுத்தான் கொடுப்பேன் என்கிறார். கூடவே கூடாது என்கிறார் இளைஞர். வெடிப்பு, கறை, பையனின் உப்புத்தாள் தவறி வெள்ளை தெரிந்த இரண்டு மூலைகள், எல்லாம் இருக்கட்டும் என்கிறார். மெல்லிய லாக்கருக்குள் மரம் மூச்சுவிடும், அதனால்தான் பழைய ஃபெண்டருக்கு அந்தச் சத்தம் என்று ஒரு பிரசங்கமும் செய்தார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காந்தத்துக்கு மேலே இரும்புத் தந்தி ஆடுகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. பெயிண்டுக்கு அதில் என்ன வேலை? பாய் வேறு திசையில் யோசித்தார்.

“வேணாம்னா விட்டுடறேன். ஆனா யார் கேட்டாலும் என் ஷெட்டுல பண்ணதுன்னு சொல்லாதீங்க சார். வேலை முடிக்காம குடுத்த மாதிரி இருக்கு.”

தன் வார்விக்குக்கு லாக்கரே கிடையாது, தேன்மெழுகு தேய்ப்பதோடு சரி என்று இளைஞர் சமாதானம் சொன்னார். ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸின் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிவிட்டுப் படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசியதையும் சொன்னார். “காசிமேட்டுல கிடைக்கும்,” என்றார் பாய், ஆர்வம் இல்லாமல்.

பிறகு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இளைஞர் ஃபோடெராவையும், இரண்டு கிலோகூட இல்லாத ஓர் ஆம்ப்பையும், ஒற்றைப் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் பெட்டியையும் கொண்டுவந்திருந்தார். டப்பாக்கள் அடுக்கியிருந்த மேசையில் ஆம்ப் உட்கார்ந்தது. ஐந்நூறு வாட் என்றார். பெரியவர் நம்பாமல் ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

“அந்தக் காலத்துல ஆம்பெக் எஸ்விடின்னு ஒண்ணு. முந்நூறு வாட்டு. ரெண்டு பேர் தூக்கணும்.”

1969இல் வந்தது. பதினான்கு வால்வு, தலை மட்டும் நாற்பது கிலோவை நெருங்கும். எட்டு ஸ்பீக்கர் உள்ள அதன் பெட்டிக்கு உலகம் முழுக்கச் செல்லப்பெயர் ஃப்ரிட்ஜ். அதே வருடம் அமெரிக்கா சுற்றிய ரோலிங் ஸ்டோன்ஸ், கடைக்கு வரும் முன்பே அதை மேடையில் ஏற்றினார்கள். இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் போய், நொடிக்கு லட்சக்கணக்கான முறை அணைந்து எரியும் டிரான்ஸிஸ்டர் வந்ததால் இன்றைய ஆம்ப் தோள்பையில் அடங்குகிறது. ஆனால் வால்வு மூச்சுமுட்டும்போது ஒரு உறுமல் வருமே, அதற்காகவே இன்னும் நாற்பது கிலோவைத் தூக்குகிறார்கள் என்று இளைஞர் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நீங்க எந்த ஆம்ப்ல வாசிச்சீங்க அங்கிள்?”

“ரெக்கார்டிங்லயா? ஆம்ப் ஏது? நேரா லைன்தான். ஹெட்ஃபோன்ல கேட்டா உண்டு.”

ஃபோடெரா முதலில். ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே எடையில், ஒரே நீளத்தில், துடைத்துவைத்த எவர்சில்வர் போல வந்தது. அப்புறம் சிவப்பு. செருகியதும் ஸ்பீக்கர் ‘ங்’ என்று இரைந்தது. பையன் கம்ப்ரஸரைப் போட்டிருந்தான், மேலே டியூப்லைட். பெரியவர் பார்க்காமலே இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தார். இரைச்சல் வடிந்தது. அதன் இரண்டு பிக்கப்பும் எதிரெதிராகச் சுற்றியவை. இரண்டும் சமமாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது தின்றுவிடும்.

அவர் வாசித்தது பாட்டு இல்லை, ஏறி இறங்கும் ஒரு வரி. ஜி தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டை நெருங்கும்போதெல்லாம் கை அதை விட்டுவிட்டு டி தந்தியில் பத்தாவதுக்குப் போனது. அதே ஸ்வரம், தூரம் அதிகம். இளைஞர் வாத்தியத்தை வாங்கி அந்த ஐந்தாவதை அழுத்திப் பார்த்தார். டொக்கென்று செத்தது.

“இது டெட் ஸ்பாட் அங்கிள். ஃபோடெராவுல கிடையாது.”

“அங்க நிக்காதுப்பா அது. நாப்பது வருஷமா நிக்கல.” திரும்ப வாங்கிக்கொண்டார்.

என் ஃபெண்டர் மாட்டியாகிவிட்டது. கண்ணாடி மாதிரி பாலிஷ். குனிந்தால் முகம் தெரிந்தது. பாய் அதைச் சுற்றி மட்டும் கை துடைத்துக்கொண்டே இரண்டு முறை நடந்தார். நான் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெரியவர் அடித் தந்தியைத் திறந்து ஒரு முறை சுண்டினார். மேசையில் ஒரு டின்னின் மூடி கிடுகிடுவென்று ஆடியது. பாய் திரும்பிப் பார்த்து, இரண்டு எட்டு வைத்து வந்து, மூடியின் மேல் ஒரு விரலை வைத்தார். சத்தம் நின்றது. விரலை எடுக்கவில்லை.

“அடிங்க சார்,” என்றார்.