கூரைக்கு மேலே

சாகாமத்துக் குளக்கட்டில் நின்று பார்க்கும்போது, வானம் எல்லையற்றது என்றே சிறுவயதில் எண்ணியிருந்தேன். பல்கலைக்கழகத்தில் புவியியல் பயிலத் தொடங்கிய பின்னரே அவ்வெண்ணம் கலைந்தது. முகிலும் மழையும் புயலும் உருவாவது வளிமண்டலத்தின் மிகக் கீழ்ப்படையான மாறன் மண்டலத்திலேயாகும். எமது அயனப் பகுதியில் அதன் உயரம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். தரையில் கிடத்தினால் சைக்கிளில் ஒன்றரை மணிநேரத்தில் கடந்துவிடலாம். ஓசோனைத் தாங்கும் படைமண்டலமும், இடைமண்டலமும், வெப்பமண்டலமும் அதற்கு மேலேயே உள்ளன.

விடுமுறையில் இதனை உம்மம்மாவுக்கு விளக்கினேன். மணமான புதிதில், 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் வீட்டுக் கூரையைப் பறிகொடுத்தவர் அவர்.

"அந்தக் காத்து எங்கயிருந்து மகன் வந்திச்சு?" என்று கேட்டார்.

உலர்ந்த வளியில் 78 வீதம் நைதரசன், 21 வீதம் ஒட்சிசன். புயலுக்கு வலுவூட்டியது இவையல்ல. வங்கக் கடலிலிருந்து எழுந்த நீராவியே. அது முகிலாக ஒடுங்குகையில், தன்னுள் மறைந்திருந்த வெப்பத்தை வெளிவிட்டுக் காற்றை முடுக்கியது. கிழக்கிலங்கையில் பல நூறு உயிர்கள் மாண்டன. மாரி மழையாய் இறங்கி எமது குளத்தை நிரப்புவதும் அத்தகைய நீராவியே.

உம்மம்மா சற்றுநேரம் பேசவில்லை. பின்னர், "அப்ப, சோறு தந்ததும் அதுதான், கூரையக் கொண்டு போனதும் அதுதான்" என்றார்.

வளியில் 0.04 வீதமேயான காபனீரொட்சைட்டு பெருகிவருகிறது, புவி வெப்பமடைகிறது. ஒரு பாகை வெப்பம் கூடினால், வளி ஏறத்தாழ 7 வீதம் அதிக நீராவியைத் தாங்கும். இதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. மாரி பிறந்தால், அவர் இன்றும் கூரையைப் பார்த்தபடியே உறங்கப் போகிறார்.