எர்த் ராடும் ஒரு ஜெனரேட்டரும்

பெரம்பலூர் மக்காச்சோளக் காடுகளின் நடுவிலும் அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் ஓரத்திலும் கம்பமேறி ஜீவனம் நடத்தும் மின் ஊழியர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி என்றவுடன், ரப்பர் கையுறையையும் இடுப்புக் கயிற்றையும் பற்றிய உபதேசத்தோடு நாம் திருப்தியடைந்துவிடுகிறோம். எனக்கோ, வேலைக்காக மின்சாரத்தை நிறுத்தும் அனுமதியான லைன் கிளியர் வாங்கி, மின்பாதையைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டிய பின்னரும், வேலையிடத்தின் இருபுறமும், தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டாமல் கம்பியைத் தொடலாகாது என்ற நியமமே பிரதானமாகத் தோன்றுகிறது, ஏனெனில், மின்சாரம் நின்ற ஊரில் யாரோ ஒருவர் (தம் வீட்டு மின்விசிறி சுழலட்டும் என்ற அற்ப ஆசையால்தான்!) மாற்றுச் சுவிட்சு இல்லாமல் ஜெனரேட்டரை இணைத்துவிட்டால், அந்த 230 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வழியே தலைகீழாய்ப் பெருகி, செத்துக் கிடப்பதாக நம்பிய 11,000 வோல்ட் கம்பியையே உயிர்ப்பித்துவிடக்கூடும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே இந்த முன்ஜாக்கிரதையை வற்புறுத்தின. மழைக்கு முன் முடியப்பா என்று கீழிருந்து அவசரப்படுத்தும் மேற்பார்வையாளருக்கும் அதே வகுப்பில் ஒரு நாற்காலி போடவேண்டும்.